வெள்ளிக்கிழமை மதியம் வரை மௌனம்

வியன்னா
பிப்ரவரி 9

அன்புள்ள சைரகுல் அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன்; முழங்கால் மட்டும் பனியைக் கண்டால் பயப்படுகிறது. நீயும் உன் மகள் பெர்மெத்தும் சுகமா? அக்தாஷில் இந்த வருடப் பனியைக் கூரை தாங்குகிறதா?

புத்தாண்டுக்கு எழுதினேன். நீ பதில் போடவில்லை. தொலைபேசியில் பேசலாமென்றால் நம்மோடு மூன்றாவதாக ஒருவன் மூச்சு விடுகிறான், அவனுக்கு ஜலதோஷம் வேறு. அதனால்தான் விமானப் பணிப்பெண் நூரியாவிடம் கொடுத்தனுப்புகிறேன். அவள் உன் பக்கத்து வீட்டுப் பெண் என்பதால் நம்புகிறேன், என் அனுபவத்தில் யாரையும் நம்புவதற்கு வேறு காரணம் கிடைத்ததில்லை.

எங்கள் தூதரகத்துக்குப் புதிய தூதர் வந்திருக்கிறார். ஓமுர்பெக் என்று பெயர். மல்யுத்தச் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர். பன்னாட்டுச் சபையில் அவருடைய முதல் வியாழக்கிழமைக் கூட்டம் முடிந்ததும் என்னைத் தள்ளிக்கொண்டு போய்க் கேட்டார்.

"ஏம்ப்பா மெலிஸ், இந்த அம்பத்தஞ்சு நாட்டுக்காரனும் ஒத்துக்கிட்டாத்தான் தீர்மானமா?"

"ஆமாம்."

"அப்போ ஜெயிக்கிறது யாரு?"

"யாரும் ஜெயிப்பதில்லை. அதுதான் ஏற்பாடு."

"அப்புறம் என்னத்துக்குய்யா வாராவாரம் களத்துல இறங்குறோம்?"

அந்தத் தூதர் நாற்காலி எனக்கு வந்திருக்க வேண்டியது. ஏன் வரவில்லை என்று உனக்குத் தெரியும். பக்கத்து நாட்டு அதிபர் இறந்தபோது இரங்கல் செய்தியை நான் முத்திரைக்காக நிறுத்தி வைத்தேன். முத்திரை இல்லாத இரங்கலை எந்த அரசும் ஏற்காது. அது போய்ச் சேர்வதற்குள் அங்கே நாற்பதாம் நாள் விருந்து முடிந்துவிட்டது. உன் வீட்டுக்காரர் இதைத் தன் 'பனிச்சரிவு' பத்திரிகையில் அரைப் பக்கம் எழுதினார். அன்றிலிருந்து அமைச்சகத்தில் என் பெயர் நாற்பதாம் நாள் மெலிஸ். அந்த அரைப் பக்கம் எனக்கு இன்றும் மனப்பாடம்.

இங்கே வருவதற்கு முன் உன் வீட்டில் ஒரு வாய் கடித்துவிட்டு வந்தேனே, அந்த ரொட்டி இன்னும் ஆணியில் தொங்குகிறதா? போகிறவன் கடித்ததை அவன் திரும்பி வந்துதான் தின்ன வேண்டும் என்பது வழக்கம். ஆனால் உங்கள் வீட்டில் என் விஷயத்தில் எந்த வழக்கம் செல்லுபடியாகியிருக்கிறது? கோழிக்குப் போட்டிருப்பீர்கள்.

பெர்மெத்துக்கு என் முத்தங்கள்.

உன் தம்பி,
மெலிஸ்

*

அக்தாஷ்
மார்ச் 3

என் செல்லத் தம்பி மெலிஸுக்கு,

ஆயுசோட இரு. இங்க எல்லாரும் சுகம். வாதுமைப் பழ மரம் அவசரப்பட்டு மொட்டு விட்டுச்சு, மறுநாளே பனி வந்து கருக்கிடுச்சு. முழங்காலுக்கு ஒட்டக மயிர்ப் பட்டை ஒண்ணு நூரியா கையில குடுத்திருக்கேன். கட்டிக்கோ. கூட்டத்துல யாரு பாக்கப் போறா?

பதில் போடாததுக்குக் கோவிச்சுக்காதே. ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே மெஷின் ரெண்டுல ஒண்ணு பழுது. குளிருல ஊரே இருமுது, படம் எடுக்க இருக்கறது நான் ஒருத்திதான்.

அவர் வீட்ல இல்ல. வேலையா தலைநகருக்குப் போயிருக்கார். எப்ப வருவார்னு தெரியல. பெர்மெத் தினமும் கேக்குறா, நானும் ஏதோ சொல்றேன்.

உன் ரொட்டி ஆணியிலதான் இருக்கு. கோழி அதைக் கொத்தினா அலகு உடைஞ்சிடும், அவ்வளவு கல்லாயிடுச்சு. இப்போ பக்கத்து ஆணியில இன்னொண்ணும் தொங்குது.

ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன். உங்க சபையில பத்திரிகைக்காரங்களுக்குன்னே தனியா ஒரு பிரதிநிதி இருக்காங்களாமே? பெர்மெத் பள்ளிக்கூடத்துல படிச்சாளாம். சும்மா தெரிஞ்சுக்கலாம்னுதான்.

குளிர்ல வெறுந்தலையோட திரியாதே.

அக்கா
சைரகுல்

*

வியன்னா
மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பட்டை வந்து சேர்ந்தது. கட்டியிருக்கிறேன், அரிக்கிறது.

நீ எனக்குச் சொல்லாததை இங்கே ஊருக்கே கேட்கும்படி படித்தார்கள். போன வியாழக்கிழமை கூட்டத்தில் ஒரு நாட்டு அம்மையார் எழுந்து, அக்தாஷ் நகரத்தில் 'பனிச்சரிவு' ஆசிரியர் ஜோல்தோஷ் கைதானது கவலை அளிக்கிறது என்றாள். பெயரை அவள் உச்சரித்த விதத்தில் எனக்கே முதலில் புரியவில்லை. அப்புறம் தூதர் ஒரு தாளை எடுத்துப் பதில் வாசித்தார். "இது குற்றவியல் வழக்கு. ஊடகச் சுதந்திரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை." அந்தப் பதிலை எழுதியவன் நான். பெயரை வெற்றிடமாக விட்டுத்தான் எப்போதும் எழுதி வைப்போம், யாருடையதானாலும் பொருந்தும். வேலைக்காகத் தலைநகருக்குப் போயிருக்கிறார் என்று எழுதினாயே அக்கா. பக்கத்து ஆணியில் தொங்குவது யாருடையது என்று இப்போது விளங்குகிறது.

நீ கேட்ட பிரதிநிதி இருக்கிறார். நல்லவர். ஆனால் அவரும் சபை சம்மதித்தால்தான் யாரையும் எங்கும் அனுப்ப முடியும். எங்கள் சபையில் கை தூக்கி வாக்களிப்பது கிடையாது. தலைமை வகிக்கும் நாடு ஒரு வரைவைச் சுற்றுக்கு விடும். அதன் தலையில் 'வெள்ளிக்கிழமை மதியம் வரை மௌனம்' என்று எழுதியிருக்கும். பன்னிரண்டு அடிப்பதற்குள் ஒரே ஒரு நாடு எழுத்தில் மறுத்தால் போதும், வரைவு செத்தது. ஒருவரும் வாய் திறக்காவிட்டால் எல்லோரும் சம்மதித்ததாகப் பொருள். பேசாமல் இருப்பதற்குச் சம்பளம் தருகிற இடம் இது. நம் நாடு மட்டும் தன்னைப் பற்றிய எந்த வரைவிலும் மௌனமாக இருந்ததில்லை. அந்த மறுப்புகளை எழுதுவதும் நான்தான்.

ஆகையால் வீண் நம்பிக்கை வைக்காதே.

மெலிஸ்

*

அக்தாஷ்
ஏப்ரல் 6

தம்பிக்கு,

கடவுள் உனக்கு நல்ல தூக்கத்தைக் குடுக்கட்டும். எனக்குத் தூக்கம் போய் ரொம்ப நாளாச்சு. மத்தபடி சுகம்.

மறைச்சதுக்கு மன்னிச்சுக்கோ. உனக்கு ஆபத்து வரக்கூடாதுன்னு ஒரு பாதி. நீ சந்தோஷப்பட்டுடுவியோன்னு பயந்தது மறுபாதி. ரெண்டையும் எழுதிட்டேன், நிம்மதி.

அணைக்குப் போற சிமெண்ட்டுல ஆளுநரோட தம்பி மாளிகை கட்டினதை அவர் எழுதினார். மறுநாள் விடிஞ்சதும் வந்துட்டாங்க. நான் ரொட்டியை நீட்டினேன். வந்த போலீஸ்காரன் சின்னப் பையன், அதைப் பாத்துட்டு, "கடிச்சுக்குங்க ஐயா, அவசரமில்ல"ன்னு தொப்பியைக் கழட்டிட்டு நின்னான். உங்க அத்தான் கடிச்சிட்டு, "உப்பு கம்மி"ன்னார். அந்த நேரத்துலயும்.

ஆளுநரை அவதூறு பண்ணினார்னு வழக்கு. அஞ்சு வருஷம் போடலாமாம். விசாரணை கதவைச் சாத்திக்கிட்டு நடக்குமாம். வெளி ஆளுங்க வந்து உக்காந்தா மட்டும் கதவைத் திறப்பாங்க, நீதிபதியும் கொஞ்சம் யோசிப்பார்னு வக்கீல் சொல்றார்.

அவர் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தது நான்தான், மெலிஸ். இடது பக்கம் பாதி வெள்ளையா இருக்கு. அந்த ஜெயில் ஆத்தங்கரையில இருக்கு, சுவர்ல தண்ணி வழியுது. அஞ்சு வருஷம் வேண்டாம், ஒரு குளிர்காலம் தாங்கமாட்டார். நான் டாக்டர் இல்லதான். ஆனா அந்த மாதிரிப் படத்தை எத்தனையோ பாத்திருக்கேன், அதுக்கப்புறம் அவங்க வராம போறதையும் பாத்திருக்கேன்.

உன்னால ஆனது என்னன்னு எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

அடுத்த கடிதத்துலயாவது அவரை ஒரு தடவை அத்தான்னு எழுது. பேனா தேஞ்சுடாது.

அக்கா

*

வியன்னா
ஏப்ரல் 25

அன்புள்ள அக்காவுக்கு,

நலமே. இங்கே கஷ்கொட்டை மரங்கள் பூத்துவிட்டன. அரண்மனைக்குப் பக்கத்தில் வெள்ளைக் குதிரைகளை இசைக்கு நடனமாட வைக்கிறார்கள், பார்க்கும்போதெல்லாம் நம்மூர்க் குதிரைகள் இதைக் கண்டால் என்ன சொல்லும் என்று நினைத்துக்கொள்வேன்.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். என்னால் ஒன்றும் ஆகாது. என் வேலை மறுப்பு எழுதுவது.

நான் மறந்துவிட்டேன் என்றும் எண்ண வேண்டாம். அப்பாவின் அடக்கத்தில் தோள் கொடுக்க என்னை முன்னால் விடாமல் நின்றவர் யார்? என் மணவிலக்குக்கு அடுத்த வாரம், உன் வீட்டு மேசையில், கோப்பையைத் தூக்கிக்கொண்டு, "மெலிஸ் பொண்டாட்டி போனதைக்கூட முத்திரை வந்ததுக்கப்புறம்தான் நம்புவான்" என்றவர் யார்? எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய் அக்கா. வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாய், அதை நான் பார்த்தேன்.

அணையைப் பற்றி எழுதுமுன் வீட்டில் ஒரு பெண்ணும் ஒரு குழந்தையும் இருப்பதை அவர் நினைத்திருக்க வேண்டும். அவருக்கு எப்போதும் வாக்கியம்தான் முக்கியம்.

அந்த எக்ஸ்ரே எப்போது எடுத்தது? விசாரணை எந்த வாரம்? சும்மா தெரிந்துகொள்ளலாம் என்றுதான் கேட்கிறேன்.

மெலிஸ்

*

அக்தாஷ்
மே 4

மெலிஸுக்கு,

நாங்கள் சுகம். படம் எடுத்தது நவம்பரில். விசாரணை ஜூன் முதல் வாரம்.

வேறொன்றுமில்லை.

சைரகுல்

*

வியன்னா
மே 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் நீண்ட கடிதம் கிடைத்தது. படித்து முடிக்க ஒரு வாரம் ஆயிற்று. என் உடம்புக்கு ஒன்றுமில்லை, வேலையில்தான் ஒரு சிறு விபத்து. அது வேறு வழியாக உன் காதுக்கு வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வாரத்துக்கு முன் தலைமை நாடு ஒரு வரைவைச் சுற்றுக்கு விட்டது. அக்தாஷ் விசாரணைக்குப் பிரதிநிதியின் சார்பில் பார்வையாளர்கள் போகலாமா என்பது கேள்வி. தலையில் வழக்கம்போல 'வெள்ளிக்கிழமை மதியம் வரை மௌனம்'. தலைநகரிலிருந்து உத்தரவு வந்தது: மறுக்கவும். தூதர் வெள்ளிக்கிழமை காலை புடாபெஸ்டில் மல்யுத்தப் போட்டி பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். கார் கதவைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"இந்தப் பத்திரிகைக்காரன் உன் அக்கா புருஷன்தானே?"

"சட்டப்படி."

"உனக்கும் அவனுக்கும் ஆகவே ஆகாதாமே. தலைநகர்ல கதை கதையாச் சொல்றான். அதான் உங்கிட்டயே விட்டுட்டுப் போறேன். வேற எவன்கிட்ட குடுத்தாலும் பாவம் புண்ணியம்னு இழுப்பான். ஒத்த வரி எழுதி அனுப்பிடு. உனக்குத் தேன் குடிச்ச மாதிரி இருக்குமே?"

"இருக்கும்" என்றேன். பொய் சொல்லவில்லை.

எழுதினேன். ஒரே வரி. கையெழுத்தும் போட்டேன். முத்திரை அலமாரி பூட்டியிருந்தது. சாவி தூதரிடம், தூதர் புடாபெஸ்டில். முத்திரை இல்லாமல் எதையும் நான் அனுப்புவதில்லை என்பது உன் வீட்டுப் பத்திரிகையில் அச்சானதுதான். எனவே தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சூப் குடிக்கப் போனேன். ஈரல் உருண்டை போட்ட சூப். வழக்கமாக எனக்குப் பிடிக்காது. அன்றைக்கு மெதுவாகக் குடித்தேன். கிண்ணம் பாதி இருக்கும்போது இந்த ஊர்த் தேவாலயங்கள் எல்லாம் சேர்ந்து பன்னிரண்டு மணி அடிக்க ஆரம்பித்தன. ஒன்று முடிக்க இன்னொன்று தொடங்கும், ஒற்றுமையே கிடையாது. கடைசி மணி ஓயும்வரை கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

திங்கட்கிழமை தூதர் சாவியோடு வந்தார். முத்திரை குத்தி, மறுப்பை முறைப்படி நானே எடுத்துக்கொண்டு போனேன். தலைமை நாட்டு அம்மையார் வாங்கிப் பார்த்தாள்.

"ஐயோ, வெள்ளிக்கிழமையோட முடிஞ்சு போச்சே சார். யாரும் மறுக்கலன்னு பதிவாயிடுச்சு. இனி ஒண்ணும் பண்ண முடியாதே."

மிகவும் வருத்தப்பட்டாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

தூதர் கத்திய கத்தலில் மாடியிலிருந்த புறா பறந்துவிட்டது. விளக்கம் கேட்டிருக்கிறார்கள். எழுதிக் கொடுத்திருக்கிறேன்: நேரம் போனது தெரியவில்லை.

இதை யாரிடமும் பேச வேண்டாம். பேசுவதற்கு இதில் ஒன்றும் இல்லை.

மெலிஸ்

*

அக்தாஷ்
ஜூன் 30

என் தம்பிக்கு,

உன் நிழல் சுருங்காமல் இருக்கட்டும். அவர் வீட்டுக்கு வந்துட்டார்.

ரெண்டு பேர் வந்தாங்க. ஒரு வெள்ளைக்காரர், ஒரு பொண்ணு. முன் வரிசையில உக்காந்து எழுதிக்கிட்டே இருந்தாங்க. கதவைத் திறந்து வெச்சுத்தான் நடத்தினாங்க, பாதி ஊரு உள்ள வந்துடுச்சு. நீதிபதி அந்தப் பொண்ணோட பேனாவைப் பாத்துப் பாத்துப் பேசினார். தண்டனை உண்டு, ஆனா ஜெயில் இல்ல, வீட்ல இருக்கலாம்னு தீர்ப்பு. ரொம்ப இளைச்சிட்டார். வந்த உடனே தன் ரொட்டியை இறக்கித் தேநீர்ல நனைச்சுச் சாப்பிட்டார். "உப்பு இப்போ சரியா இருக்கு"ன்னார். பெரிய ஆஸ்பத்திரியில மருந்து ஆரம்பிச்சாச்சு. குளிருக்கு முன்னாடி உடம்பு மருந்துக்குக் கேக்கும்னு சொல்றாங்க.

போன வாரம் அமைச்சகத்துலேர்ந்து ரெண்டு பேர் வந்தாங்க. மேசையில உக்காந்து தேநீர் குடிச்சிட்டு, மறுப்பு எப்படித் தாமதமாச்சு, உங்க மைத்துனர் உங்களுக்காக ஏதாவது பண்ணினாரான்னு கேட்டாங்க. நான் கோப்பையைக் கீழ வெச்சேன். இவர் சிரிக்க ஆரம்பிச்சார். இருமி இருமிச் சிரிச்சார்.

"மெலிஸா? எனக்காகவா? என் கல்யாண ஃபோட்டோவுல என் தலையை மட்டும் கத்தரிச்சு வெச்சிருக்கான்யா அவன். வேணும்னா வந்து பாருங்க. இரங்கலையே நாப்பதாம் நாளுக்கு அனுப்பினவன், மறுப்பைத் திங்கக்கிழமை அனுப்பினது முன்னேற்றம்னுதான் சொல்லணும்."

அவங்களும் சிரிச்சிட்டாங்க. ஒருத்தர் அந்தப் பழைய அரைப் பக்கத்தைக் கேட்டு வாங்கி விசாரணைக் கோப்புல வெச்சுக்கிட்டார்.

இவருக்கு ஒண்ணும் தெரியாது. உன் கடிதத்தை நான் காட்டல. புதுசா ரெண்டு பக்கம் 'பனிச்சரிவு' போட்டிருக்கார், அதுல உன்னைப் பத்தி இருக்கு. 'சூப்பும் சாசனமும்'னு தலைப்பு. நீ சூப் குடிக்கப் போனது எப்படியோ தலைநகர்ல பரவி இங்க வந்திருக்கு. உரக்கப் படிச்சார், பெர்மெத் உருண்டு புரண்டு சிரிச்சா. நானும் சிரிச்சேன், இந்தத் தடவையும் வாயை மூடிக்கிட்டுத்தான். அப்புறம் சமையல்கட்டுக்குப் போயிட்டேன்.

நான் அவர்கிட்ட சொல்லிடட்டுமா மெலிஸ்? நீ சரின்னா சொல்றேன்.

அக்கா

*

வியன்னா
ஜூலை 18

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். முழங்காலும் பரவாயில்லை, பட்டை அரிப்பது பழகிவிட்டது.

விசாரணை முடிந்தது. கவனக்குறைவு என்று தீர்ப்பு. வேண்டுமென்றே செய்திருந்தால் எங்கே அனுப்புவார்கள் என்று உனக்குத் தெரியும், அந்த ஆற்றங்கரைதான். கவனக்குறைவுக்குத் தலைநகரில் ஆவணக் கிடங்கு. செப்டம்பரில் திரும்பி வருகிறேன். முப்பது வருட உழைப்புக்குப் பிறகு, ஜன்னல் இல்லாத ஓர் அறையில், நான் எழுதிய மறுப்புகளையே நான் அடுக்கி வைக்கப் போகிறேன். தூதர் விடைபெறும்போது முதுகில் தட்டி, "உன்னை நம்பினது என் தப்புய்யா, நீ வெறுக்கிறதைக்கூட நேரத்துக்குச் செய்யமாட்டே" என்றார். 

நீ கேட்டதற்குப் பதில்: சொல்லாதே. இந்த மாதம் மட்டுமல்ல, என்றைக்குமே. அவர் வாயில் எதுவும் நிற்காது, அது அவர் தொழில். எனக்கும் அவருக்கும் ஆகாது என்பதுதான் இன்று என் பக்கம் இருக்கிற ஒரே சாட்சி. பத்து வருடம் என்னை எரித்த அரைப் பக்கம் இப்போது கோப்பில் எனக்காகப் பேசிக்கொண்டிருக்கிறது. அது தெரிந்தால் அவர் அடையப்போகும் சந்தோஷம்கூட எனக்குப் பொறுக்காது, அதனாலும் சொல்லாதே.

கடைக்குப் போனால், கல்யாணத்துக்குப் போனால், மெலிஸ் அவரை மன்னிக்கவில்லை என்று எல்லோரிடமும் சொல். பொய் சொல்ல வேண்டியிராது. மன்னிக்கவில்லை.

சாமான் கட்டும்போது குளிர்காலக் கோட்டின் கிழிந்த பைக்குள்ளிருந்து முத்திரை அலமாரியின் இன்னொரு சாவி கிடைத்தது. போன வருடம் என்னிடம் கொடுத்து வைத்திருந்தார்கள் போலிருக்கிறது. வயதானால் எதுவும் நினைவில் நிற்பதில்லை. ஆற்றில் போட்டுவிட்டேன்.

உன் வீட்டுக்காரர் மருந்தை விடாமல் சாப்பிடுகிறாரா?

மெலிஸ்

*

அக்தாஷ்
ஆகஸ்ட் 5

மைத்துனன் மெலிஸுக்கு,

இதைத் தபாலில் போடுகிறேன். வழியில் பிரித்துப் படிக்கப் போகும் அன்பர்களுக்கும் என் வணக்கம். அவர்கள் குடும்பமும் நலமாக இருக்கட்டும். திரும்ப ஒட்டும்போது நல்ல பசையாகப் போடவும்.

உன்னைப் பற்றி எழுதியதில் ஒரு சொல்லையும் நான் திரும்பப் பெறவில்லை. உன்னைப்போல் சோம்பேறியான ஒரு அதிகாரியை இந்த நாடு கண்டதில்லை. உன்னால் நாட்டுக்கு நேர்ந்த அவமானத்தை நான் தினமும் காலையில் வாதுமைப் பழ மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அனுபவிக்கிறேன். இருமல் குறைந்திருக்கிறது. பெர்மெத் இந்த வருடம் கணிதத்தில் முதலாவதாக வந்தாள், அதைப் பார்க்கிற துர்பாக்கியமும் எனக்கு வாய்த்தது. எல்லாம் நீ குடித்த சூப்பால்.

உன் அக்கா என்னிடம் எதுவும் சொல்லவில்லை. கேட்டுப் பார்த்தேன். "அடுப்புல பால் இருக்கு" என்று எழுந்து போய்விட்டாள். அடுப்பே பற்ற வைக்கவில்லை. முப்பது வருடம் செய்தி சேகரித்தவன் நான், மேற்கொண்டு கேட்கவில்லை. சில செய்திகளை அச்சில் ஏற்றக் கூடாது என்று இந்த வயதில்தான் கற்றுக்கொள்கிறேன். நீ என்னைத் திருத்தினாய் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே.

உன் ரொட்டியை எலி மோந்து பார்க்க ஆரம்பித்துவிட்டது. நேற்று ஏணி போட்டு நானே அதை உத்தரத்துக்குப் பக்கத்தில் உயரமான ஆணியில் மாட்டினேன். ஏறி இறங்குவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. இன்னொரு தடவை என்னால் முடியாது. உன் அக்காவுக்கு எட்டாது. அதை இறக்க நீதான் வர வேண்டும்.

இந்த ஒரு தடவையாவது நேரத்துக்கு வா.

உன்னை இன்னும் பொறுத்துக்கொள்ளாத
அத்தான்